பலகை இல்லாத கடையும் பாதி மீசை மகாராஜாவும்

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை போடும் சந்தைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பனியன், செருப்பு, குக்கர் கைப்பிடி, மொபைல் கவர் என்று வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நான் சொல்லப்போகும் கடை அந்தக் கூட்டத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. திண்ணை வைத்த பழைய வீட்டின் முன்கூடம்தான் கடை. வாசலில் சக்கரம் கழன்ற தையல் மெஷின் நின்றால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். மெஷின் உள்ளே போய்விட்டால் அடைத்தாச்சு. மேப்பில் தேடினால் வராது. சந்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. சந்தை முடியும் இடத்தில் இஞ்சி டீ போடுகிறவரிடம் "பழைய சாமான் ஐயா" என்று கேட்டால் கை காட்டுவார்.

நான் அங்கே போவது பித்தளை அண்டாவுக்கோ தேக்கு அலமாரிக்கோ இல்லை. பெரிய மீசை வைத்து, கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்துக் குனிந்து நிற்பாரே, அந்த ஏர் இந்தியா மகாராஜாவுக்காக. பொம்மை, சாம்பல் கிண்ணம், சீட்டுக்கட்டு, பெட்டியில் ஒட்டும் லேபிள், காலண்டர், டைம்டேபிள், சர்க்கரைப் பொட்டலம், எதில் அவர் முகம் இருந்தாலும் சரி. ஆறு வருஷமாக மாதம் ஒரு ஞாயிறு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி, புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டெம்போ பிடித்துப் போய்க்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் இதற்கு வைத்திருக்கும் பெயர் ராஜ தரிசனம். "இன்னிக்கு ராஜ தரிசனமா, சாம்பார் வச்சிட்டுப் போ" என்பார்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்பார்கள். என் மாமா 1984-ல் குவைத்துக்கு வேலைக்குப் போனவர். முதல் லீவில் வந்தபோது டேப் ரெக்கார்டர், கோடாலித் தைலம், வாசனை சோப்பு எல்லாவற்றோடும் ஒரு சாண் உயர மகாராஜாவும் பெட்டியிலிருந்து வெளியே வந்தார். யார் கொடுத்தது, எங்கே வாங்கியது என்று மாமா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கதை சொல்வார். மஞ்சக்குப்பத்தில் எங்கள் ஓட்டு வீட்டில் மர பீரோவின் மேல் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் குனிந்தபடியே நின்றார். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதே, அன்றைக்கு ஓடு பறந்தது, பீரோ சாய்ந்தது. மறுநாள் சேற்றில் தேடியதில் கிடைத்தது அவர் நின்ற அடிப்பலகையும் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு சுருள்மூக்குச் செருப்பும்தான். கணுக்காலுக்கு மேலே ஆள் இல்லை. அந்தச் செருப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதற்குப் பொருந்தும் ஆளைத் தேடித்தான் முதலில் கிளம்பினேன்.

கிளம்பியதும் ஏமாந்தேன். இணையத்தில் ஒருவர் "1960-களின் அசல்" என்று போட்டிருந்த பொம்மையை 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சந்தையில் யாரோ சொல்லி இந்தக் கடைக்கு வந்து, பெருமையாகக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பொம்மையைக் கையில் வாங்கி, பார்ப்பதற்கு முன்னால் எடை பார்த்தார். அப்புறம் கவிழ்த்து அடியைத் தடவினார். "இங்க பாரும்மா" என்று காட்டினார். ஊசி முனை அளவில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள், ஆப்பத்தில் இருக்குமே அதுபோல. ரெசினை அச்சில் ஊற்றி எடுத்தால் வரும் குமிழி. தலைப்பாகை மடிப்பு, உடுப்பின் விளிம்பு, முதுகு எல்லா இடத்திலும் அழுக்கு ஒரே சீராகப் பழுப்பாக இருந்தது.

"உண்மையான அழுக்கு சோம்பேறி. கை படாத இடத்துல போய் ஒக்காந்துக்கும். மேட்டுல நிக்காது. இது பாலீஷ் தேய்ச்ச அழுக்கு."

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குப் பாடமாகிவிட்டது. "மூக்கப் பாரு. பொம்மையத் துடைக்கிறப்ப துணி மொதல்ல படுறது மூக்குலதான். அம்பது வருஷம் துடைச்ச மூக்கு தேஞ்சிருக்கணும். இவரு மூக்கு மாப்பிள்ள மூக்காட்டம் பளபளன்னு இருக்கு."

அவமானமாக இருந்தது. அவர் பின்னால் அலமாரியில் நின்ற இன்னொரு மகாராஜாவைக் காட்டி அதைக் கேட்டேன். "அதுவும் புதுசுதான். தொள்ளாயிரம் ரூபா. ஷோகேஸுக்குன்னா எடுத்துக்க. சேத்து வைக்கிறதுக்குன்னா வேணாம்" என்றார். 3,800 கொடுத்து நான் வாங்கிய அதே பொம்மை, அச்சு அசல். அன்றைக்கு எதுவும் வாங்காமல் திரும்பினேன். ஆனால் கடையைப் பிடித்துப்போயிற்று.

கடைக்குள் நுழைந்ததும் கண் பழக இரண்டு நிமிஷம் ஆகும். ஒரே ஒரு ட்யூப் லைட், அதுவும் கடிகாரங்கள் பக்கம். மகாராஜா சமாச்சாரங்கள் இடது பக்கம் பழைய மருந்துக் கடை இழுப்பறைகளில் இருக்கின்றன. இழுப்பறையில் இன்னும் ஏதோ மாத்திரைகளின் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். ஆகவே வயிற்றுவலிக்குள் கைவிட்டால் டைம்டேபிள், பூச்சி மருந்துக்குள் பெட்டி லேபிள். எது எங்கே என்பது அவருக்கு மட்டும் தெரியும். உட்கார முக்காலி தருவார். அவசரப்படுத்த மாட்டார். ஒரு காகிதத்தை நீட்டி "எந்த வருஷம், சொல்லு பாப்போம்" என்று கேட்பார். தவறாகச் சொன்னால் விலை சொல்ல மாட்டார், மறுபடி பார்க்கச் சொல்வார்.

வருஷம் கண்டுபிடிப்பதில்தான் இந்தச் சேகரிப்பின் ருசியே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது அந்த முக்காலியில்தான். 1932-ல் டாடா தொடங்கிய விமான நிறுவனம் 1946 ஜூலையில் ஏர் இந்தியா என்று பெயர் மாறியது. அதே வருஷம்தான் மகாராஜாவும் பிறந்தார். வணிகப் பிரிவைப் பார்த்துக்கொண்ட பாபி கூக்காவின் யோசனை, ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்தின் ஓவியர் உமேஷ் ராவின் கோடு. முதலில் பயணிகளுக்குக் கொடுக்கும் குறிப்புத் தாளுக்காகப் போட்ட படம் அது. பெரிய திட்டம் எதுவும் இல்லை. 1948 ஜூன் 8-ஆம் தேதி பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்கு முதல் விமானம் போனபோது நிறுவனம் ஏர் இந்தியா இன்டர்நேஷனல் ஆகிவிட்டிருந்தது. 1962-ல் அந்த இன்டர்நேஷனல் உதிர்ந்தது. ஆக, லேபிளில் இன்டர்நேஷனல் என்று இருந்தால் நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கலாம். படத்தில் முன்பக்கம் கூன் விழுந்த ஜம்போ இருந்தால் 1971-க்கு முன்னால் போகவே முடியாது, அந்த வருஷம்தான் ஏர் இந்தியாவுக்கு அந்த போயிங் 747 வந்தது.

முகவரியைப் பார்ப்பது ஐயாவின் சொந்த வித்தை. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. காலண்டரின் அடியில் ஊர்ப் பெயருக்குப் பிறகு ஆறு இலக்கம் இருந்தால் அதற்குப் பிறகு அச்சடித்தது. ஆங்கிலத்தில் மும்பை என்று இருந்தால் 1995-க்குப் பிறகு, சென்னை என்று இருந்தால் 1996-க்குப் பிறகு. ஒருமுறை "1970 போஸ்டர்" என்று வேறு இடத்தில் நான் வாங்க இருந்ததைப் போட்டோவில் காட்டினேன். "மெட்ராஸுக்குப் பதிலா சென்னைன்னு எழுதத் தெரிஞ்ச தீர்க்கதரிசி யாரு?" என்றார். அடியில் பொடி எழுத்தில் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

போஸ்டர் என்றால் பூதக்கண்ணாடி வேண்டும். பழைய ஆப்செட் அச்சில் வண்ணப் புள்ளிகள் கோலப் புள்ளி மாதிரி ஒழுங்கான வரிசையில் இருக்கும். வீட்டு பிரின்டரில் எடுத்த நகல் என்றால் புள்ளிகள் ரவையைச் சிதறினதுபோல இருக்கும். இதை அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பதிலுக்கு நான் ஒன்று சொல்லிக் கொடுத்தேன். நான் கருவூலத்தில் வேலை பார்க்கிறவள், கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா டார்ச் என் கைப்பையிலேயே இருக்கும். 1940-களின் குறிப்புத் தாள் என்று யாரோ அவரிடம் விற்க வந்திருந்த ஒன்றின் மேல் அதை அடித்தேன். கல்யாண வீட்டு வெள்ளைச் சட்டை மாதிரி நீலமாக மின்னியது. காகிதத்தில் அந்த வெளுப்பு ரசாயனம் கலக்கும் வழக்கம் பரவியது அதற்கு அப்புறம்தான். விற்க வந்தவர் டீ குடிக்கப் போனவர் திரும்பவில்லை. அன்றையிலிருந்து ஐயா என்னைக் 'கடலூரு' என்று பெயரிட்டுக் கூப்பிடுகிறார். மரியாதைதான்.

மகாராஜா மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். புதுச்சேரிக்கே உரிய இழுப்பறை ஒன்று உண்டு. பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்கள் வீடு காலி பண்ணும்போது வரும் சாமான்கள். அதில் ஏர் பிரான்ஸ் தோள்பை, கரண்டி, மெனு அட்டை. எல்லாவற்றிலும் இறக்கை முளைத்த கடல்குதிரை ஒன்று வாலைச் சுருட்டிக்கொண்டிருக்கும். மார்செய்யிலிருந்து சைகோனுக்கு வழி போட்ட ஏர் ஓரியன் என்ற நிறுவனத்தின் சின்னம் அது. 1933-ல் நிறுவனங்கள் சேர்ந்து ஏர் பிரான்ஸ் ஆனபோது கூடவே வந்துவிட்டது. சைகோன் என்றால் இந்த ஊர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு யாராவது ஒரு தாத்தா நினைவுக்கு வருவார். பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கடல்குதிரையைச் செல்லமாக 'இறால்' என்று கூப்பிடுவார்கள். முதுநகர் மீன் மார்க்கெட்டுக்குப் போகிற எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. இறால் பை ஒன்று 1,400 சொன்னார். ஜிப் போயிருந்தது. எடுக்கவில்லை. இப்போது எடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

சரி, குறைக்கு வருகிறேன். இந்தக் கடையின் பெரிய பாவம் விலைச் சீட்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டி லேபிள் கிடைத்தது. இன்டர்நேஷனல் காலத்தது, பின்னால் எச்சில் தொட்டு ஒட்டும் பசை அப்படியே பளபளப்பாக, ஒருமுறைகூட ஒட்டாதது. உள்ளங்கை அளவு. மகாராஜா பறக்கும் கம்பளத்தின்மேல். 650 ரூபாய், யோசிக்காமல் கொடுத்தேன். ஆனால் ஐயா சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட் பாக்கெட்டில் அடிப்பார்களே, அந்த ஆரஞ்சு நிற ஸ்டிக்கரை மகாராஜாவின் கன்னத்தில் சரியாக அடித்து வைத்திருந்தார். கடையிலேயே பிய்க்க வேண்டாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

தண்ணீர் தொடக்கூடாது, பின்பக்கப் பசை இளகிவிடும். முடி உலர்த்தும் மெஷினைக் குறைந்த சூட்டில் வைத்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். ஓரம் லேசாக எழும்பியது. தையல் நூலை இறுக்கிப் பிடித்து, அறுப்பதுபோல மெதுவாக உள்ளே விட்டேன். முக்கால்வாசி வந்துவிட்டது. மூச்சைக்கூட விடவில்லை. கடைசிக் கால்வாசியில் நூல் ஏதோ ஒன்றைத் தடுக்கியது. ஸ்டிக்கர் வந்தது. அதன் பின்புறத்தில், கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறி, மகாராஜாவின் வலது மீசை சுருள் உட்பட அப்படியே ஒட்டியிருந்தது. லேபிளில் அந்த இடத்தில் பஞ்சுபோல வெள்ளைக் காகிதம். எழுபது வருஷம் போல ஒரு கீறல் இல்லாமல் வந்த பொருள், ஒரு பிஸ்கட் ஸ்டிக்கரால் போயிற்று.

அடுத்த ஞாயிறே கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்தார். பார்த்துவிட்டு, "மீசதானம்மா, வளரும்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போதும் அந்த லேபிளைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஆரஞ்சு ஸ்டிக்கரும், மீசை தெரிகிற மாதிரி.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பில் கிடையாது. வாங்கிய பொருளைத் திருப்பி எடுக்க மாட்டார். பேத்தி வந்து வைத்துவிட்டுப் போன ஜிபே அட்டை ஒன்று கல்லாவில் இருக்கிறது, ஆனால் பணம் வந்ததா என்று அவருக்குப் பார்க்கத் தெரியாததால் ரொக்கம்தான். பகல் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு அடைத்தால் எப்போது எழுந்திருப்பார் என்று சொல்ல முடியாது. மேற்குப் பக்க ஜன்னலில் நல்ல நல்ல போஸ்டர்களைத் தொங்கவிட்டிருக்கிறார். வெயிலில் முதலில் வெளுப்பது மஞ்சளும் சிவப்பும்தான், நீலம் கடைசிவரை நிற்கும். டோக்கியோவுக்கு சுமோ மல்லன் வேஷம் போட்ட மகாராஜா அந்த ஜன்னலில் நீலகண்டராகவே ஆகிவிட்டார். சொன்னால் கேட்பதில்லை. தூசி விஷயம் பேசவே வேண்டாம், ஆஸ்துமாக்காரர்கள் முகமூடியோடு போங்கள்.

விலை? குறைக்க மாட்டார், ஆனால் ஒன்றிரண்டு சில்லறைச் சாமான் கூடப் போட்டுக் கொடுப்பார், கொசுறு கறிவேப்பிலை மாதிரி. சர்க்கரைப் பொட்டலம் 40, டைம்டேபிள் 250-லிருந்து 600 வரை, பீங்கான் சாம்பல் கிண்ணம் 1,800, முழுசாக 52 சீட்டும் இருந்த கட்டு 1,200. எண்ணிக் காட்டித்தான் கொடுத்தார். வெள்ளைக்காரர் வந்தாலும் அதே விலை, இதை என் காதால் கேட்டிருக்கிறேன். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மறுபடி டாடா கைக்குப் போனதும் எல்லாவற்றிலும் ஒரு சுற்று ஏற்றினார். 2023 ஆகஸ்ட்டில் புதுச் சின்னம் அறிவித்தபோது இன்னொரு சுற்று. "அங்க படத்த மாத்துனா இங்க விலை ஏறும்" என்றார். வாதாட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சாம்பல் கிண்ணம் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தச் சேகரிப்பு உலகத்தில் எல்லோரும் கனவு காணும் ஒரு கிண்ணம் உண்டு. 1967-ல் ஏர் இந்தியா கேட்டு ஸ்பெயின் ஓவியர் சால்வதோர் தாலி வடிவமைத்தது. கிண்ணத்தைத் தாங்குபவை யானைத் தலையும் அன்னமும். ஒன்றைக் கவிழ்த்தால் மற்றொன்றாகத் தெரியும். சில நூறு மட்டுமே செய்தார்கள். கூலியாக அந்த ஓவியர் கேட்டது ஒரு யானைக் குட்டி, அதையும் பெங்களூரிலிருந்து விமானம் ஏற்றி ஜெனீவா வழியாக அனுப்பி வைத்தார்கள். இதை ஐயாவிடம் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தார். அந்தக் கிண்ணம் கடைக்கு வந்தால் என்ன விலை சொல்வீர்கள் என்று கேட்டேன். "கடைய சாத்திட்டு வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுவேன்" என்றார். ஸ்டிக்கர் ஒட்டாமல் இருந்தால் சரி என்றேன். முறைத்தார்.

செருப்புக்குப் பொருந்தும் ஆள் இன்னும் கிடைக்கவில்லை. அடிப்பலகையின் அளவை எழுதி ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன், அந்தச் சீட்டு பூச்சி மருந்து இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. போன தீபாவளிக்கு முன்னால் ஒரு பொம்மை வந்ததாகப் போன் பண்ணினார். ஓடினேன். மூக்கு நன்றாகத் தேய்ந்திருந்தது, அழுக்கு மடிப்பில் மட்டும்தான் இருந்தது, எல்லாம் சரி. ஆனால் செருப்பு அரை அங்குலம் பெரிது. வேறு அச்சு. 2,600 சொன்னார். "ஒன் ஆளு இல்ல, ஆனா நல்ல ஆளு" என்றார். வாங்கிவிட்டேன். இப்போது பீரோ மேல் அவர் நிற்கிறார், பக்கத்தில் வெறும் செருப்பு.

அன்றைக்கு ஐயாவுக்கு ஒரு கட்டு வெள்ளைத் துண்டுச் சீட்டும் ஆறு பென்சிலும் வாங்கிக் கொடுத்தேன். விலையை இதில் எழுதி உள்ளே சொருகுங்கள், ஒட்டாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். போன ஞாயிறு போனபோது இழுப்பறையைப் பெருமையாகத் திறந்து காட்டினார். ஒரு ஸ்டிக்கர் இல்லை. எல்லாவற்றிலும் அழகான கையெழுத்தில் பென்சில் சீட்டு. சீட்டு விழுந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு டைம்டேபிளிலும் ஒரு ரப்பர் பேண்டை இறுக்கமாகப் போட்டு வைத்திருந்தார். அதில் இரண்டு ஏற்கெனவே சூட்டில் இளகி அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தன.